வாசல் எந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில், "நீ பேச்சை மாத்துவே, நான் ஏமாறுவேன். இனிமே எதுன்னாலும் எழுத்துல கொடு. எழுத்துல நழுவினா தெரிஞ்சுடும்" என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டாய். நானும் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுப் போட்டு மற்ற எழுத்தெல்லாம் மறந்தே போச்சு.

விஷயம் இதுதான். டவுன் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக நாலு பிளாக் எழுப்புகிறேன். சுற்றுச்சுவர், நீச்சல் குளம், நடைபாதை எல்லாம் உண்டு. அதன் ஒரு மூலையில், என் அறக்கட்டளை சார்பாக, அம்மா பேரில் ஓர் இலவச மருத்துவமனை. பஸ் நிழற்குடை, பள்ளிக்கூடக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய் என்று எத்தனையோ செய்தாயிற்று. ஆனால் இதுதான் நானே ஆசைப்பட்டுச் செய்வது. டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார். மற்றபடி நர்சிங் பொறுப்பு முழுக்க உன்னுடையது. மே மாதக் கடைசியில் நீ ஓய்வு பெறுகிறாய் அல்லவா? குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நேரே இங்கே வந்துவிடு. எங்கள் மாடி அறை உனக்காகக் காத்திருக்கிறது.

மறுக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

---

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முட்டியும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. நீ சர்க்கரையைப் பற்றி வேடிக்கையாக எழுதாதே. அளவு என்ன என்று எழுது.

உன் நிழற்குடையை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நிழலைவிட உன் பெயர்ப் பலகை பெரிது. நாலு பேர் வெயிலில் நிற்க, உன் பெயர் நிழலில் நின்றது. அதனால்தான் மருத்துவமனை என்றதும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மா பேரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கே நர்சிங் பள்ளியில் சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். தங்க இடமும் தருகிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கோ, நிஜமாகச் சொன்னால், உன் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் தனியாக இருந்தது போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. மருத்துவமனையின் வாசல் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். உன் சுற்றுச்சுவருக்கு உள்ளே இல்லை. வெளியே இருக்கிற வரிசை வீட்டுக்காரர்களும், உனக்குக் கட்டடம் கட்டுகிறவர்களும் நேரே நடந்து உள்ளே வர வேண்டும். கேட்டில் ஒருவன் நின்று, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாலே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். உடம்பு முடியாதவனுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது.

அப்பா மூட்டை தூக்கும்போது காலில் ஆணி ஏறியதே, ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பையன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். அம்மா கேட்டதற்கு, "மூடிட்டாங்க" என்றார். மூடவில்லை. அப்போது காலை வேளை. அந்தக் கால்தான் பிறகு அவரைப் படுக்க வைத்தது.

வாசல் தெருப் பக்கம் என்று எழுது, வந்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

---

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். சர்க்கரை அளவைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், திட்டுவதற்கு வசதியாக.

மருத்துவமனைக்குத் தரை வழுக்காத டைல்ஸ் சொல்லியிருக்கிறேன். கை கழுவுகிற இடத்தில், நீ அங்கே பெருமையாகச் சொல்வாயே, முழங்கையால் தள்ளித் திறக்கும் குழாய், அதே மாதிரி. சுவருக்கு வெளிர் பச்சை. காத்திருக்கிறவர்களுக்கு முதுகு சாய்ந்த பெஞ்சு. பெயர்ப் பலகை மட்டும் அளவு பெரிசுதான், அதை நீ தடுக்கக் கூடாது, அம்மா பேர்.

விற்பனையும் சூடு பிடித்திருக்கிறது. ரோட்டோரமாக எனக்குச் சொந்தமான துண்டு நிலத்தில் விற்பனை ஆபீஸ் போட்டிருக்கிறோம். தகரக் கூரைதான், ஆனால் உள்ளே போனால் தெரியாது. ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கதவு, ரோட்டைப் பார்த்தபடி. வாட்ச்மேனே வைக்கவில்லை. விற்பனையைப் பார்த்துக்கொள்கிற மாப்பிள்ளைக்கு அதில் சந்தேகம். நான் சொல்லிவிட்டேன், "வாங்க வர்றவங்களை எவனும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. செருப்போட நேரா உள்ள வரணும்." நம் தொழில் ரகசியமே அதுதான். விற்று முடிந்ததும் வழக்கம்போல இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறோம்.

உன் மற்ற யோசனைகளையும் இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன்.

தைலம் தேய்த்துக்கொள்கிறாயா?

உன் தம்பி

---

பிப்ரவரி 20

தம்பிக்கு,

தைலம் தேய்க்கிறேன். சர்க்கரைத் தாளை அனுப்பு. குழாய் பிரமாதம்.

வாசல்?

அக்கா

---

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இவளுக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள். பார்வை தெளிந்ததும் முதல் காரியமாக, வீட்டில் இருக்கிற ஒட்டடையைப் பார்த்து என்னைத் திட்டினாள்.

மருத்துவமனைக்குத் தளம் போட்டாயிற்று. வாசல் பற்றிக் கேட்டிருந்தாய். ரொம்ப யோசித்துச் செய்திருக்கிறோம். தேக்கு மரம், இரட்டைக் கதவு, பித்தளைக் கைப்பிடி. ஸ்ட்ரெச்சர் இடிக்காமல் நுழையலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு, படியே கிடையாது. ஆசாரி இழைத்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பார்த்தேன். மரத்தைத் தடவிப் பார்க்கவே ஆசையாக இருந்தது. மழையே படாது, அதனால் பாலிஷ் பல வருஷம் தாங்கும்.

சாமான் கட்ட ஆள் வேண்டுமானால் எழுது, அனுப்புகிறேன். வெயிலில் அலையாதே.

உன் தம்பி

---

மார்ச் 24

தம்பிக்கு,

உன் மனைவிக்குக் கண் தெளிந்தது நல்ல சேதி. சொட்டு மருந்தை நிறுத்திவிடாமல் போடச் சொல். தலைகுளிக்க அவசரப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் குறையில்லை.

அடேய், நான் கேட்டது மரம் இல்லை. பக்கம். தேக்கோ, தகரமோ, கோணிப் பையோ, எதைத் தொங்கவிட்டாலும் சரி. அது எந்தப் பக்கம் திறக்கிறது? தெருப் பக்க வாசலில் மழை படாமல் இருக்குமா? அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன்.

தெரு, அல்லது உள்ளே. இரண்டில் ஒரு சொல் எழுதினால் போதும். உள்ளே என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன், இங்கேயே இருந்துவிடுவேன், அவ்வளவுதான். பள்ளிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு நர்ஸும் அந்த வேலையைக் கேட்டிருக்கிறாள். பாவம், அவளுக்கும் தெரிய வேண்டாமா?

உடம்பைக் கவனி.

அக்கா

---

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். எல்லாம் உன் விருப்பப்படிதான் நடக்கிறது. மே நாலாம் தேதி திறப்பு. அதற்கு மறுநாள் கட்டடம் முழுவதையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கிறோம். வெளியூர் டாக்டர் ஒருவர் பேசுகிறார். முன்வரிசையில் உனக்கு நாற்காலி. அம்மா படத்தை நீதான் திறந்துவைக்க வேண்டும்.

மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாயிற்று. கட்டாயம் வா.

உன் தம்பி

---

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

அப்பாடா! இதை முதலிலேயே எழுதியிருந்தால் என் ரத்த அழுத்தமாவது மிஞ்சியிருக்கும்.

பள்ளிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இன்னொரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். புத்தகங்களைப் பெட்டியில் போட்டாயிற்று. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் கைப்பையில் வைத்திருக்கிறேன். உனக்குக் கட்டடம் கட்டி ஆசை தீரவில்லை, எனக்குக் கட்டுப்போட்டு ஆசை தீரவில்லை. நல்ல குடும்பம்!

திறப்புக்கு வருகிறேன். மிச்ச சாமானை மாதக் கடைசியில் ஏற்றிக்கொள்ளலாம். நீ யாரையும் அனுப்ப வேண்டாம். அந்த வயதெல்லாம் இன்னும் வரவில்லை எனக்கு.

எல்லோருக்கும் ஆசி. மாத்திரையை மறக்காதே.

அக்கா

---

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையா? போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் வார்டுக்கே போன் போட்டேன். "சிஸ்டர் டூட்டியில இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்று ஒரு பெண் சொன்னாள். அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பேசும்போது, வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனை இருக்கிற குடியிருப்பு இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான் என்று சொன்னார். கைதட்டினார்கள். உன் நாற்காலியைக் கடைசி வரை காலியாகவே வைத்திருந்தேன். மாப்பிள்ளை இரண்டு தடவை வந்து, "மாமா, ஆள் நிக்கிறாங்க, உக்கார வெச்சுடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மா படத்தை நானே திறந்தேன்.

என்ன கோபம் என்று எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி

---

மே 25

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்களும் நலமாக இருங்கள்.

நான் வந்தேன்.

திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நேரே உன் வீட்டுக்கு வராமல், முதலில் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. கையில் ஒரு பை, தலையில் முந்தானை. சுவரை ஒட்டியே நடந்தேன். தெருப் பக்கம் வாசலைத் தேடிக்கொண்டே போனேன். சுவர்தான் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே அம்மா பெயர்ப் பலகையின் முதுகு தெரிந்தது.

பெரிய கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் மரியாதையான பையன்தான், அவனை நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

"எந்த பிளாக்மா? யார் வீட்டுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப்பா."

"நாளைக்குத்தாம்மா திறக்கிறாங்க. அதுவும் குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். வெளி ஆளுங்களை விடக் கூடாதுன்னு ஆர்டர். நீங்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

உன் அக்கா என்று சொல்லியிருந்தால் சல்யூட் அடித்திருப்பான். நான் வேலை செய்யப்போகிற இடத்தின் கேட்டில், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பிவிட்டேன்.

வெயில் தாங்கவில்லை. ரோட்டோரத்தில் ஒரு கண்ணாடிக் கதவு தெரிந்தது. தள்ளினேன். திறந்துகொண்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். "வாங்கம்மா, உக்காருங்க. ஃபேன் பக்கமா உக்காருங்க." குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, அப்புறம்தான், "எத்தனை பெட்ரூம் பாக்குறீங்கம்மா?" என்று கேட்டாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் செருப்பில் ஒட்டிய மண் அவள் தரை முழுக்க. அதற்கும் முகம் சுளிக்கவில்லை.

உனக்கு வாசல் வைக்கத் தெரியாமல் இல்லை.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். இங்கே வந்து இறங்கியதும் வார்டு ஆயா சிரித்துக்கொண்டே கேட்டாள், "என்ன சிஸ்டர், அதுக்குள்ள வந்துட்டீங்க? தம்பி ஆஸ்பத்திரியைப் பாத்தீங்களா?"

"மூடிட்டாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது. அவமானமாக இருந்ததடா. வேறு ஒன்றும் இல்லை.

பள்ளி வேலை இனி இல்லை. அதைக் கேட்கவும் மாட்டேன், அந்த இன்னொரு நர்ஸ் குழந்தைகளோடு அங்கே குடிவந்துவிட்டாள். ஒரு அறை பார்த்திருக்கிறேன், சின்னதுதான், எனக்குப் போதும். மாடி அறையைப் பற்றி மறுபடி எழுதாதே. எழுத்தில் நழுவினால் தெரிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். தெரிந்தும், ஒரு பொய்யான வரியை நம்பிப் பெட்டி கட்டியது என் புத்தி.

அக்கா

---

ஜூன் 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். உன் அறை விலாசத்தை ஆயாவிடம் கேட்டு வாங்கினேன். காற்று வருகிறதா?

பிப்ரவரி மாதமே நடந்தது அது. முன்பணம் கட்டியவர்கள் கூட்டமாக வந்து, நோயாளிகள் தெருவில் கூட்டம் போட்டால் வீடு வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை, "மாமா, வாசலை உள்பக்கம் திருப்பிட்டா அதுவே விளம்பரம்" என்றார். பிளானில் ஒரு கோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. உனக்கு எழுதுவதுதான் முடியவில்லை. நேரில் வந்து டைல்ஸையும் குழாயையும் பார்த்தால் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். அசடு நான்.

உன் கடிதம் வந்த மறுநாள் சுவரை இடிக்க ஆளோடு போனேன். சங்கத் தலைவர் வெளியே வந்து, சுவர் எங்களுடையது, நீங்களே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டீர்கள் என்றார். உண்மைதான். நான் கட்டிய சுவரை நான் தொட முடியாது.

அதனால் விற்பனை ஆபீஸை இடிக்கவில்லை. கடைகள் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூட என் பெண்ணிடம் சொல்லித்தான் கேட்கிறார். நான்கு பிளாக்கின் மாதிரி வடிவத்தை வைத்திருந்த பெரிய மேஜையை இறக்கிவிட்டுக் கட்டில் போட்டிருக்கிறோம். முழங்கைக் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே பொருத்தியாயிற்று. அம்மா பலகையையும் கேட்டு வாங்கிவந்தேன். கதவுக்கு மேலே வைத்துப் பார்த்தோம், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பொருந்தவில்லை. உள்ளே சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். கதவில் ஒரு பெயரும் இல்லை. உனக்குத் தண்ணீர் கொடுத்த பெண் இங்கேயே இருக்கிறேன் என்கிறாள். யாருக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்று சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இன்று காலை கம்பி கட்டுகிற ஆள் ஒருவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். நாலு நாளைக்கு முன்னால் காலில் ஆணி ஏறியதாம். பழக்க தோஷத்தில் அந்தப் பெண், "எத்தனை பெட்ரூம் பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். "இங்க மருந்து போடுவாங்கன்னு சொன்னாங்களே, எப்ப வருவாங்க?" என்று என்னைக் கேட்டார். திங்கட்கிழமை சிஸ்டர் வருவாங்க என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். அவர் காலைப் பார்த்ததும் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். நான் அப்போது அவ்வளவு சின்னப் பையன் இல்லை, அக்கா. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாசல் தெருப் பக்கம்.

உன் தம்பி

---

ஜூன் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு உனக்குப் போன் பண்ணிக் கத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கத்தியது எழுத்திலும் இருக்கட்டும்.

ஆணி ஏறினவரைத் திங்கட்கிழமை வரை காத்திருக்கச் சொல்வாயா? அறிவிருக்கிறதா உனக்கு? நான் சொன்னபடி, இன்றைக்கே உன் காரில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ. கேட்டில் நிறுத்தினால் நீ இறங்கிப் பேசு. ஊசி போட்டு, புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் வரை பக்கத்திலேயே நில். அந்தப் பெண்ணிடம் சொல், யார் வந்தாலும் முதலில் தண்ணீர், கேள்வி அப்புறம். அவளுக்குத்தான் அது தெரியுமே, இருந்தாலும் சொல்.

உன் மேல் கோபம் தீரவில்லை. நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். அறை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கே கிளம்புகிறேன்.

பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு அங்கேயே இரு. அன்றைக்கு என்னை உள்ளே விட்ட கதவுதானே. எனக்கு வழி தெரியும்.

அக்கா